நஞ்சும் வேண்டாம், நாணமும் வேண்டாம்

புதுநன்மை வகுப்பு தொடங்கி இரண்டு மாதம் கடந்திருந்தது. வேண்டுதல்களைப் பிழையின்றி ஒப்புவிக்கும் சிறுமி ஒருத்தி, எப்பொழுதும் முதல் வரிசையில் அமர்பவள், தொடர்ந்து மூன்று ஞாயிறு வரவில்லை. காய்ச்சலாக இருக்குமோ என்று எண்ணி, நான்காம் ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் நாம் அவள் இல்லம் சென்றோம். தாய் நம்மை வரவேற்று அமரச் செய்தார். ஆனால் பிள்ளையைக் கூப்பிடத் தயங்கினார். சற்று நேரம் கழிந்து, கதவின் மறைவிலிருந்து சிறுமி தானே வெளிவந்தாள். தலையைச் சுற்றி ஒரு துண்டு. அதை விலக்க அவளுக்கு மனமில்லை. அம்மாச்சிதான் மெல்ல எடுத்துக் காட்டினார். இடுப்பு வரை தொங்கிய கூந்தலைக் காணோம். காதுகளின் பின்புறத்திலும் பிடரியிலும் தோல் வெந்து பொருக்குத் தட்டியிருந்தது.

நடந்தது இதுதான். வகுப்பில் பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டிருந்ததை மற்றொரு சிறுமியின் தாய் பார்த்துவிட்டார். "பேன் தலை, அவள் பக்கத்தில் உட்காராதே" என்று எல்லார் முன்னிலையிலும் கூறித் தம் மகளை எழுப்பி அப்பால் அமர்த்தினார். அழுதுகொண்டே வீடு வந்தாள் பிள்ளை. வெட்கமும் சினமும் கொண்ட தாய், யாரோ சொன்னதைக் கேட்டு, அன்றிரவே அவள் தலையில் மண்ணெண்ணெயை ஊற்றித் துணியால் இறுகக் கட்டிப் படுக்க வைத்தார். விடியும் முன்னரே எரிச்சல் தாளாமல் பிள்ளை கதறினாள். மருத்துவமனைக்கு ஓடினார்கள். புண்ணுக்கு மருந்திடுவதற்காகக் கூந்தலை மழிக்க நேர்ந்தது.

"பேன் போய்விட்டது; ஆனால் பிள்ளை வாசற்படியைத் தாண்ட மறுக்கிறாள்" என்றார் தாய்.

ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. எள்ளளவு பூச்சி ஒன்று, ஒரு குழந்தையைக் கோவிலுக்கே வரவிடாமல் தடுக்கும் அளவுக்குப் பெரிதானது எவ்வாறு? அதைப் பெரிதாக்கியவர்கள் நாம்தாம். பேனைப் பற்றி நாம் அறியாதவை சில. அறிந்ததாக எண்ணித் தவறாகச் செய்பவை பல. ஆதலால் இம்மாதம் இதனைச் சற்று விரிவாகக் கூறுவது நம் கடமை என்று கருதுகிறோம்.

ஈரும் பேனும்

"தலையில் பேன் உண்டாகிவிட்டது" என்று சொல்வது நம் வழக்கம். இச்சொல்லில் ஒரு பழைய நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. உயிர்களின் பிறப்பை நால்வகையாகப் பகுத்த நம் முன்னோர், பேனை வியர்வையில் பிறப்பனவற்றோடு சேர்த்தனர். மேனாட்டாரும் நெடுங்காலம் இதையொத்த எண்ணமே கொண்டிருந்தனர். உண்மை வேறு. பேன் தானாக உண்டாவதில்லை. வியர்வையிலோ அழுக்கிலோ பிறப்பதில்லை. ஒரு தலையில் இருக்கும் பேன், வேறொரு தலையிலிருந்து வந்ததேயாகும்.

வளர்ந்த பேன் ஓர் எள்ளின் அளவே இருக்கும். அதற்கு ஆறு கால்கள். ஒவ்வொரு காலின் நுனியிலும் மயிரைப் பற்றிக்கொள்வதற்கென்றே அமைந்த ஒரு கொக்கி. 1665ஆம் ஆண்டில் இலண்டனில் இராபர்ட் ஊக் என்ற அறிஞர், தாம் நுண்பெருக்கியில் கண்ட பேனை, அது ஒரு மயிரைப் பற்றிக்கொண்டிருக்கும் கோலத்திலேயே பெரிய படமாக வரைந்து வெளியிட்டார். அந்தப் பிடியே அதன் வலிமை. அதற்கு இறகில்லை, பறக்காது. தெள்ளுப்பூச்சியைப் போலக் குதிக்கவும் அறியாது. ஊர்ந்து செல்வது ஒன்றே அதற்குத் தெரியும். மனிதக் குருதியன்றி அதற்கு வேறு உணவில்லை; ஒரு நாளில் பலமுறை அதை உறிஞ்சுகிறது. தலையை விட்டுக் கீழே விழுந்துவிட்டால் ஒன்றிரண்டு நாட்களில் மடிந்துபோகும். நாய், பூனை, கோழி ஆகியவற்றின் உடலில் காணும் பேன்கள் வேறு இனத்தவை. அவை மனிதர் தலையில் குடியேறுவதில்லை.

பெண்பேன் ஏறத்தாழ ஒரு மாதம் வாழும். அதுவரை நாளொன்றுக்கு எட்டு முட்டைகள் வரையில் இடும். அவற்றையே ஈர் என்கிறோம். தலைத்தோலை ஒட்டி, மயிரின் அடிப்பகுதியில், தன் உடலில் சுரக்கும் ஒரு பசையால் ஈரை ஒட்டிவிடுகிறது. நீருக்கும் சீயக்காய்க்கும் அந்தப் பசை கரைவதில்லை. பொடுகை ஊதினால் பறக்கும். ஈரை விரலால் தள்ளினாலும் நகராது. இரண்டையும் வேறுபடுத்தி அறிய இதுவே வழி.

ஈர் பொரிவதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். வெளிவரும் குஞ்சு வளர்ந்து, தானும் முட்டையிடும் பருவம் அடைய மேலும் ஒன்பது முதல் பன்னிரண்டு நாட்கள் வேண்டும். தாய்மார்கள் இவ்விரு கணக்குகளையும் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பேனை ஒழிக்கும் வழியெல்லாம் இக்கணக்குகளிலேயே அடங்கியுள்ளது.

இன்னொரு கணக்கும் உண்டு. தலைமயிர் மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஆகவே தோலிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தொலைவில் வெண்ணிறமாகத் தெரியும் ஈர், ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன் இடப்பட்டது. குஞ்சு வெளியேறிய வெறும் கூடு. அதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. உயிருள்ள பேன் ஊர்வதைக் கண்டால் மட்டுமே தலையில் பேன் இருப்பதாகக் கொள்ள வேண்டும்.

நோய் பரப்புமா என்று வினவுவோர் உண்டு. டைபஸ் என்னும் கொடிய காய்ச்சலைப் பேன் பரப்புவதை 1909ஆம் ஆண்டில் துனிசு நகரில் சார்லசு நிக்கோல் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டறிந்தார். அதற்காக 1928ஆம் ஆண்டின் நோபெல் பரிசும் பெற்றார். ஆனால் அது ஆடைகளின் மடிப்பில் வாழும் உடற்பேன். நம் பிள்ளைகளின் தலையில் காண்பது தலைப்பேன். அது அத்தகைய நோய்களைப் பரப்புவதில்லை. அரிப்பும், உறக்கக் கேடும், சொறிந்த இடத்தில் சீழ்ப்பிடித்தலும், அதனால் பிடரியில் நெறிகட்டுதலுமே இதன் தொல்லைகள். புண் சீழ்ப்பிடித்தால் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

யாரிடமிருந்து வந்தது?

அச்சிறுமியின் இல்லத்திலிருந்து திரும்பிய அன்று மாலை, நம் பிள்ளைகளைத் திண்ணையில் அமர்த்தி, தலையை நனைத்து, பேன் சீப்பால் வாரிப் பார்த்தோம். நம் இளைய மகளின் தலையிலிருந்து வெள்ளைத் துணியில் ஏழு பேன்கள் விழுந்தன. அவள் ஒருநாளும் தலையைச் சொறிந்ததில்லை. வாரம் தவறாமல் தலை முழுகுபவள். அவளும் அதே வகுப்பில்தான் அமர்ந்திருந்தாள்.

இது எவ்வாறு இயலும் என்று நாம் வியந்தோம். மருத்துவர்கள் இதற்குத் தெளிவான விளக்கம் தருகின்றனர். அரிப்பு உண்டாவது பேனின் எச்சிலை நம் உடல் ஒவ்வாமையால் எதிர்ப்பதனால். முதன்முறையாகப் பேன் பற்றியவருக்கு அந்த ஒவ்வாமை தோன்றவே நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அதுவரையில் பிள்ளைக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது. ஆனால் பேன் தலைவிட்டுத் தலை சென்றுகொண்டுதானிருக்கும்.

எனவே, முதலில் சொறிந்தவளே பேனைக் கொண்டுவந்தவள் என்று எவராலும் உறுதிகூற இயலாது. அவளிடமிருந்து நம் மகளுக்கு வந்ததா, நம் மகளிடமிருந்து அவளுக்குச் சென்றதா? இறைவன் ஒருவரே அறிவார். எழுந்து போகச் சொல்லி ஒரு பிள்ளையை ஒதுக்கினோமே, ஒதுக்கியவர்களின் தலையை யார் பார்த்தார்கள்?

பேன் பரவுவது பெரும்பாலும் தலையோடு தலை படுவதால். ஒரே பாயில் படுத்துறங்கும் உடன்பிறப்புகள், ஒரே புத்தகத்தின் மேல் குனிந்து படிக்கும் தோழியர், பேரப்பிள்ளையை அணைத்தபடி உறங்கும் பாட்டி, இவர்களிடையே அது எளிதில் செல்கிறது. சீப்பு, துண்டு, தலையணை ஆகியவற்றின் வழியே செல்வது அதைவிட அரிது. அழுக்குத் தலையென்றும் தூய தலையென்றும் அது வேறுபாடு காண்பதில்லை. ஏழை வீடென்றும் செல்வர் வீடென்றும் பார்ப்பதில்லை. பிள்ளைகள் ஒருவரோடொருவர் நெருங்கி அன்பாகப் பழகுவதே அதற்குப் பாலமாகிறது. அவ்வாறிருக்க, இதில் வெட்கப்படுவதற்கு என்ன இருக்கிறது?

செய்யத் தகாதவை

மண்ணெண்ணெய் ஊற்றுதல் கூடவே கூடாது. அது தோலை வேகச் செய்யும். அதன் ஆவி குழந்தையின் மூச்சுக்குத் தீங்கு. அடுப்பின் அருகிலோ விளக்கின் அருகிலோ அத்தலையுடன் செல்வது உயிருக்கே ஆபத்து.

மூட்டைப்பூச்சி மருந்தையும் பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தையும் தலையில் தடவுவோர் இன்றும் உளர். சொறிந்து புண்ணான தலைத்தோலின் வழியே அந்நஞ்சு விரைவாகக் குருதியில் கலக்கும். வாந்தி, மயக்கம், மூச்சுத்திணறல் ஏற்பட்டு உயிருக்கும் கேடு வரலாம். வயலுக்கு வாங்கியது வயலிலேயே இருக்கட்டும்.

சீத்தாப்பழ விதையை அரைத்துத் தேய்ப்பது நம் ஊர்களில் நெடுநாளைய வழக்கம். அதில் பேனைக் கொல்லும் பொருள் இருப்பது உண்மையே. ஆனால் அந்தப் பொடி ஒரு துளி கண்ணில் பட்டாலும் கருவிழி புண்ணாகும். பொறுக்கவொண்ணாத வலியும் பார்வை மங்கலும் உண்டாகும். அவ்வாறு கண் மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்ட பலரைப் பற்றி மருத்துவர்கள் எழுதியுள்ளனர். தலை முழுகும்போது வழிந்தோடும் நீர் கண்ணுக்குள் செல்லாமல் தடுக்க எந்தத் தாயால் இயலும்? தவறிப் பட்டுவிட்டால் உடனே தூய நீரைத் தொடர்ந்து ஊற்றிக் கண்ணைக் கழுவி, தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

தலையை மழித்துவிட்டால் பேன் போய்விடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது தேவையற்ற வழி. வேளாங்கண்ணித் தாய்க்கு நேர்ந்துகொண்டு, குடும்பமாகச் சென்று முடியைக் காணிக்கையாக்குவது ஒன்று, அது பத்தி. பத்து வயதுப் பெண்பிள்ளையைப் பிடித்து வைத்து, அவள் அழ அழ மழிப்பது மற்றொன்று, அது தண்டனை. குற்றமே செய்யாதவளுக்குத் தண்டனை ஏன்?

பழைய கருவி ஒன்று

பேனை ஒழிக்க மனிதன் கண்ட கருவிகளில் மிகப் பழையதும் இன்றளவும் நம்பத்தக்கதும் சீப்பேயாகும். இதற்கு வியத்தகு சான்று ஒன்று அண்மையில் கிடைத்தது. திருவிவிலியத்தில் யோசுவா கைப்பற்றியதாகவும், பின்னாளில் அசீரிய மன்னன் செனகெரிபு முற்றுகையிட்டதாகவும் நாம் வாசிக்கும் இலாக்கிசு நகரை நினைவுகூருங்கள். அந்நகர் இருந்த மேட்டில் 2016ஆம் ஆண்டில் நடைபெற்ற அகழாய்வில், யானைத் தந்தத்தாலான சிறு சீப்பு ஒன்று கிடைத்தது. நீளம் மூன்றரை சென்டிமீட்டர், அகலம் இரண்டரை சென்டிமீட்டர். ஒரு பக்கம் சிக்கெடுப்பதற்கான 6 தடித்த பற்கள். மறுபக்கம் பேன் வாருவதற்கான 14 நுண்ணிய பற்கள்.

சில ஆண்டுகள் சென்ற பின்னரே அதன்மேல் எழுத்துகள் இருப்பது கண்ணுக்குப் புலனாயிற்று. 2022ஆம் ஆண்டில் அறிஞர்கள் அதைப் படித்து வெளியிட்டனர். கானானிய மொழியில் 17 எழுத்துகள். தலைமயிரிலும் தாடியிலும் உள்ள பேன்களை இத்தந்தம் வேரறுக்கட்டும் என்பதே அதன் கருத்து. ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது. அகரவரிசை எழுத்துகளில் இதுவரை கிடைத்துள்ள முழு வாக்கியங்களில் இதுவே மிகப் பழையது என்கின்றனர். சீப்பின் ஒரு பல்லில் பேனின் எச்சமும் காணப்பட்டது!

யானைத் தந்தம் ஏழைகளுக்கு எட்டாத பொருள். பெருஞ்செல்வர் ஒருவர் வீட்டிலும் பேன் இருந்தது. அவரும் அதை வாரியே எடுத்தார். நம் பாட்டிமார்களின் மரச்சீப்பும், ஈர்வலி என்றும் ஈருளி என்றும் ஊருக்கு ஒரு பெயர் பெற்ற கருவியும் இதே மரபைச் சேர்ந்தவை அன்றோ?

ஞாயிறும் புதனும்

இனி, செய்ய வேண்டிய முறையைக் கூறுகிறோம்.

முதலில், நெருங்கிய பற்களையுடைய நல்ல பேன் சீப்பு ஒன்று வேண்டும். பற்களின் இடைவெளி 0.3 மில்லிமீட்டருக்கு மிகாதிருப்பது நலம். உலோகப் பற்களுள்ள சீப்பு வளையாது, பல்லாண்டு உழைக்கும். அதோடு ஒரு வெள்ளைத் துணி, தேங்காய் எண்ணெய், நல்ல பகல் வெளிச்சம் ஆகியவையே போதும்.

தலையை நன்கு நனைத்துத் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவுங்கள். தலைக்குத் தேய்க்கும் கண்டிஷனர் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஈரமும் வழுவழுப்பும் உள்ள தலையில் பேன் விரைந்து ஓட இயலாமல் அசையாது நிற்கும். சீப்பும் சிக்கின்றிச் செல்லும். எண்ணெய் பேனைக் கொன்றுவிடும் என்று நம்பி, தடவியதோடு நின்றுவிடாதீர்கள். எண்ணெய் சீப்புக்குத் துணை. வேலையைச் செய்வது சீப்பு.

சாதாரணச் சீப்பால் முதலில் சிக்கெடுங்கள். பின் கூந்தலை நான்காக வகிர்ந்து, மூன்றை முடிந்து வைத்து, ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து விரற்கடை அளவு கற்றையைப் பிரித்து, பேன் சீப்பின் பற்கள் தலைத்தோலில் படும்படி வைத்து, நுனி வரை ஒரே இழுப்பாக வாருங்கள். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். காதுகளின் பின்புறமும் பிடரியும் பேனுக்கு மிகவும் விருப்பமான இடங்கள். அங்கே இருமடங்கு கருத்து வேண்டும். தலை முழுவதையும் ஒருமுறை வாரி முடித்தபின், மீண்டும் ஒருமுறை வாருங்கள். நீண்ட கூந்தலுக்கு ஒரு மணிநேரம் ஆகலாம். கடைசியில் தலையை அலசிவிட்டு, சீப்பைக் கொதிநீரில் பத்து நிமிடம் இட்டு வையுங்கள்.

இதனை ஒருநாள் செய்து விட்டுவிட்டால் பயனில்லை. நாம் தோற்பது இங்கேதான். முதல்நாள் பெரிய பேன்களை எடுத்துவிடுகிறோம், ஈர்கள் எஞ்சுகின்றன. அவை பத்து நாட்களுக்குள் ஒவ்வொன்றாகப் பொரிகின்றன. அக்குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடும் முன்னரே அவற்றை வாரி எடுத்துவிட்டால், புதிய ஈருக்கு இடமேது? ஆகவே மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை சீவ வேண்டும்.

நினைவில் நிற்கும்படி நாம் ஒரு வழி வகுத்துக்கொண்டோம். ஞாயிறு ஒரு சீவல், புதன் ஒரு சீவல். இவ்வாறு மூன்று வாரம்; மொத்தம் ஆறு சீவல். கடைசி மூன்று சீவல்களில் ஒரு பேனும் விழாவிட்டால் தலை தூய்மையாயிற்று என்று கொள்ளலாம். விழுந்தால் மேலும் ஒரு வாரம் தொடருங்கள்.

இங்கே ஒன்றை வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். பிள்ளைக்கு மட்டும் வாரினால் போதாது. தாய், தந்தை, பாட்டி, தம்பி, தங்கை என வீட்டிலுள்ள அனைவர் தலையையும் அதே நாளில் பார்க்க வேண்டும். பிள்ளையின் தலை தூய்மையாகி, பாட்டியின் தலையில் இரண்டு பேன் எஞ்சியிருந்தால், அடுத்த மாதம் மீண்டும் அதே கதைதான்.

பிரித்தானியாவில் நடந்து 2005ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வைக் குறிப்பிடுவது பொருந்தும். பிள்ளைகளில் ஒரு சாராருக்கு நான்கு நாட்களுக்கு ஒருமுறையாக நான்கு தடவை ஈரத்தலையை வாரினர். மற்றொரு சாராருக்குக் கடையில் விற்கும் பேன் மருந்தைப் பூசினர். வாரப்பட்டவர்களில் நூற்றுக்கு 57 பேருக்குப் பேன் ஒழிந்தது; மருந்து பூசியவர்களில் நூற்றுக்கு 13 பேருக்கே ஒழிந்தது. சீப்பு வென்றது. ஆயினும் வாரியவர்களிலும் பலருக்கு எஞ்சியதைக் கவனியுங்கள். பொறுமையோடு முறை தவறாமல் தொடர வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

மருந்துகள் பற்றி

மருந்தே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பேன் மிகுதியாக இருந்தாலும், பிள்ளை அசையாமல் அமர இயலாதவளாக இருந்தாலும், மருத்துவரைக் கேட்டு மருந்தைப் பயன்படுத்தலாம்.

பெர்மெத்ரின் 1 விழுக்காடு கொண்ட மருந்தே நெடுங்காலமாக வழங்கிவருவது. சாமந்தியின் இனத்தைச் சேர்ந்த ஒரு பூவிலிருந்து எடுக்கும் பொருளைப் பின்பற்றிச் செயற்கையாக ஆக்கப்பட்டது. தலை முழுகி ஈரம் துடைத்தபின் பூசி, பத்து நிமிடம் வைத்திருந்து அலசிவிட வேண்டும். அதிக நேரம் வைத்தால் அதிகப் பயன் என்று எண்ணலாகாது. எஞ்சிய ஈர்களை முன்னிட்டு, ஒன்பதாம் நாள் அளவில் மீண்டும் ஒருமுறை பூச வேண்டும். இந்த இரண்டாம் முறையை மறப்பதனாலேயே பலர் ஏமாறுகின்றனர். மேலும், உலகின் பல பகுதிகளில் பேன்கள் இம்மருந்தைத் தாங்கும் வலிமை பெற்றுவிட்டன.

டைமெத்திகோன் என்னும் எண்ணெய் போன்ற மருந்து வேறு வகை. இது நரம்பைத் தாக்கும் நஞ்சன்று. பேனின் உடலைப் போர்த்தி அதைச் செயலிழக்கச் செய்கிறது. ஆகவே இதற்குப் பேன் பழகிவிடும் என்ற அச்சம் குறைவு. இவ்வகையில் சில தீப்பற்றக் கூடியவை. பூசிய தலையோடு பிள்ளை அடுப்பண்டை போகலாகாது.

ஐவர்மெக்டின் என்ற மருந்தைக் கண்டறிந்த வில்லியம் காம்ப்பெல், சதோசி ஓமுரா ஆகிய இருவரும் 2015ஆம் ஆண்டின் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். மற்றவற்றுக்கு மசியாத பேனுக்கு மருத்துவர் இதனை மாத்திரையாகத் தருவதுண்டு. 15 கிலோ எடைக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் இதைத் தருவதில்லை. எனவே பக்கத்து வீட்டில் எஞ்சிய மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

எம்மருந்தைப் பூசினாலும் பின்னர்ச் சீப்பால் வாரியே ஆகவேண்டும். மருந்து சீப்பை விலக்கிவிடுவதில்லை.

வீட்டுக்குச் செய்ய வேண்டியவை அதிகமில்லை. கடந்த இரண்டு நாட்களில் பயன்படுத்திய தலையணை உறை, போர்வை, துண்டு, தலைநாடா ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்தினால் போதும். துவைக்க இயலாதவற்றைப் பையிலிட்டுக் கட்டி இரண்டு வாரம் ஒதுக்கி வைக்கலாம். வீடெங்கும் பூச்சிமருந்து தெளிப்பது வீண். தலையை விட்ட பேன் தானே மடியும்.

பள்ளியும் விடுதியும்

பேனுக்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து திருப்பி அனுப்புவதும், விடுதியில் தனியே படுக்க வைப்பதும் முன்னர்ப் பல நாடுகளில் வழக்கமாயிருந்தன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், பேனுக்காகவோ ஈருக்காகவோ எந்தப் பிள்ளையும் ஒருநாள் பள்ளியையும் இழக்கலாகாது என்று தெளிவாகக் கூறியுள்ளது. இன்று கண்ட பேன், பல வாரங்களாக அத்தலையில் இருந்தது; இன்று மட்டும் ஒதுக்கிவைப்பதால் ஆவதென்ன? ஒதுக்கப்பட்ட பிள்ளையின் மனத்தில் விழும் வடுவோ எந்தச் சீப்புக்கும் வராது.

விடுதிகளை நடத்தும் அருட்சகோதரிகளுக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பேன் இருப்பது தெரிந்தால் பெயர் குறிப்பிடாதீர்கள். எல்லாப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரே நாளில் செய்தி அனுப்புங்கள். எல்லாரும் ஒரே நாளில் சீவத் தொடங்கட்டும். இவ்வாறு செய்தால் பேனும் குறையும். எந்தப் பிள்ளையின் முகமும் கவிழாது.

முடிவாக ஒரு சொல்

நம் பங்கில் நாம் அவ்வாறே செய்தோம். அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்ததும் தாய்மார்கள் அனைவரையும் சற்று நேரம் இருக்கும்படி வேண்டினோம். எவர் பெயரையும் சொல்லவில்லை. நம் மகளின் பெயரை மட்டும் சொன்னோம். அவள் தலையிலிருந்து ஏழு பேன் விழுந்ததைக் கூறியபோது முதலில் சிலர் சிரித்தனர். பிறகு ஒருவர், "எங்கள் வீட்டிலும் உண்டு" என்றார். அதன்பின் பலர் பேசினர். வருகிற புதன்கிழமை தொடங்கி மூன்று வாரம் எல்லா வீட்டிலும் சீவுவது என்று முடிவாயிற்று.

அச்சிறுமி மறுவாரம் வகுப்புக்கு வந்தாள். தலையில் துண்டு இருந்தது. அதற்கு அடுத்த வாரமும் இருந்தது. நம் மகள் அவளருகில் சென்று அமர்ந்தாள்.

மூன்றாம் வாரம் ஒரு மாலை, அம்மாச்சி தம் வீட்டு வாசலில் அமர்ந்து பேரனின் தலையை வாரிக்கொண்டிருந்தார். அன்று வகுப்பில் தம் மகளை எழுப்பி அப்பால் அமர்த்திய தாய், அதே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் வந்தார். சற்றுத் தயங்கி நின்று, "அம்மாச்சி, எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. இவள் தலையையும் கொஞ்சம் பாருங்களேன்" என்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. அம்மாச்சியும் எதிர்பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு, "வா தாயி, உட்கார்" என்று அந்தப் பிள்ளையைத் தம் முன்னே அமர்த்திக்கொண்டார். அவிழ்த்த துண்டைக் கையில் மடித்து வைத்தபடி, மழித்த தலையோடு பேத்தி அருகில் நின்று, துணியில் விழுபவற்றை எண்ணத் தொடங்கினாள்.